கடுக்காய் போட்ட பெட்ரோல் தொட்டி

1

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள், எழுந்துபோய் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை ஒருமுறை தடவிப் பாருங்கள். விரல் சுத்தமாகத்தான் திரும்பி வரும். பாலாறு மணலாகக் கிடக்கிற ஊரில் இரும்புக்கு ஆயுசு கெட்டி. நான் இருக்கிற தைப்பிங்கில் அப்படி இல்லை. இங்கே காலையில் மழை பெய்யாவிட்டால் மாலையில் பெய்யும்; மாலையிலும் பெய்யாவிட்டால் ஊரார் கவலைப்படுவார்கள். பூட்டு, குடைக்கம்பி, அருவாமணை, என் மூக்குக்கண்ணாடியின் திருகு என்று எல்லாவற்றிலும் துரு. போன வாரம் வேலை இல்லாமல் எண்ணிப் பார்த்தேன். வீட்டில் துரு ஏறிய சாமான்கள் நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டாவதாக என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என் மனைவி ராஜம்மாள்.

இந்த மாசியோடு நான் ஆம்பூரை விட்டு வந்து முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. மலாய் நாட்டு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன், குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு மாசியிலும், "இந்த வருஷம் ஊருக்கே போய்விடலாம்" என்று நான் சொல்வதும், "ரத்தினம் வந்தா வர்றேன்" என்று ராஜம்மாள் சொல்வதும் எங்கள் வீட்டில் பண்டிகை மாதிரி தவறாமல் நடக்கும். ரத்தினம் எங்கள் ஒரே மகன். முனிரத்தினம் என்று என் தகப்பனார் பெயரை வைத்தேன். இங்கேயே பிறந்தவன். ஆம்பூரைக் கண்ணால் பார்த்ததில்லை. தமிழ் பேசுவான், படிக்க வராது. அதனால்தான் அவனைப் பற்றி இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

2

அவனை ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தேன். எனக்குக் கிடைத்ததைவிட ஒரு படி உயர்ந்த நாற்காலியில் அவன் உட்காரவேண்டும் என்பது என் எண்ணம். அவன் மூன்று வருஷம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, எழுந்து புல் வெட்டப் போய்விட்டான்.

கையால் இல்லை, மோட்டாரால். ஊர் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி ஒன்றை வாங்கினான். இரண்டு கைப்பிடி, ஒரு உருளை, உருளைக்கு முன்னால் சுழலும் கத்திகள், மேலே தலையணை அளவில் ஒரு எஞ்சின், அதன் முதுகில் பெட்ரோல் தொட்டி. கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும். கிளம்பினால் தெருவில் நாய் இருக்காது.

மிஷன் பள்ளிக்கூடத்து மைதானத்தை வெட்டும் கான்ட்ராக்டு அவனுக்குக் கிடைத்தது. பள்ளித் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார்: மாசியில் நடக்கும் விளையாட்டு விழாவுக்கு மைதானம் சரியாக அமைந்தால் கான்ட்ராக்டு தொடரும், இல்லாவிட்டால் பழையபடி மாடு இழுக்கிற வெட்டிக்காரனிடமே போய்விடும்.

அன்று சாப்பிடும்போது ரத்தினம் என்னிடம் சொன்னான்: "நைனா, ஒரு பேச்சு பேசிக்கலாம். இந்தக் கான்ட்ராக்டு போயிடுச்சுன்னா கடைய மூடிட்டு உங்க ரெண்டு பேர்கூட நானும் கப்பல் ஏறிடறேன். ஆம்பூர்லயே இருந்துடலாம். நிலைச்சிடுச்சுன்னா நீங்க ஊர்ப் பேச்சை எடுக்கக் கூடாது."

"எடுக்கல" என்றேன்.

"எழுதி வாங்கிக்கடா" என்றாள் ராஜம்மாள்.

நான் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மறுவாரம், குடை ரிப்பேருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏஜெண்டின் ஆபீஸுக்குப் போனேன். விசாரிப்பதில் தப்பில்லை அல்லவா? அங்கே இருந்த குமாஸ்தா தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை.

"ஊர்?"

"ஆம்பூர்."

"எங்கே இருக்கு அது?"

"வேலூருக்கு மேற்கே. ஜோலார்பேட்டைக்கு இந்தப் பக்கம்."

"மெட்ராஸ்னு போட்டுக்கறேன்" என்று போட்டுக்கொண்டான். "போயிட்டு வர்றதா? போறதா?"

"இன்னாது?"

நான் இன்னா என்றதும் அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். தஞ்சாவூர்க்காரர்களுக்கும் திருச்சிக்காரர்களுக்கும் எங்கள் இன்னா எப்போதும் வேடிக்கை. "போயிட்டுத் திரும்பி வர்றீங்களா, இல்லை போறதோட சரியா? ரெண்டுக்கும் டிக்கெட் வேற, காகிதம் வேற."

ரயில்வே ஆபீஸில் எத்தனையோ பேரிடம் இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன், பதில் சொல்லத் தடுமாறியவர்களை முறைத்திருக்கிறேன். இப்போது என் பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி இறங்கி வந்துவிட்டேன். குடையையும் அங்கேயே மறந்து வந்தேன்.

3

கார்த்திகை மழையோடு பள்ளிக்கூடம் மூடினார்கள். விடுமுறையில் ரத்தினம் ஈப்போவில் ஒரு மோட்டார்க் கொட்டகைக்கு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது புல்வெட்டியைக் கொல்லைக் கொட்டகையில் தள்ளி நிறுத்தி, "பாத்துக்கங்க நைனா" என்றான். என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேர் படித்தவர்களாக இருக்கிற வீட்டில் இந்த ஆபத்து உண்டு.

பத்து நாளில் கத்தியின் ஓரத்தில் துரு எட்டிப் பார்த்தது. தொட்டியின் மூடியைத் திறந்தேன். வாயோரம் உள்பக்கமும் சிவப்பு. இதற்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது.

நான் பிறந்த தெருவில் முக்கால்வாசி வீடுகளின் சோறு தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வந்தது. என் தகப்பனார் ஒரு சாயபுவின் ஷாப்பில் மேஸ்திரி. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி எடுத்த தோலுக்கு முதலில் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் குடித்த தோல் மழைக்கும் காற்றுக்கும் விறைக்காது. அதற்குப் பிறகு கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முக்கு. முதலில் எண்ணெய், பிறகு கடுக்காய். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வருவதற்கு முன்பே இந்த வரிசை வந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு பொருளைக் காப்பாற்று என்றால் எங்கள் கை எண்ணெயைத்தான் தேடும்.

நல்லெண்ணெய் ஜாடியை எடுத்தேன். கத்திக்கு, சங்கிலிக்கு, உருளைக்கு, கைப்பிடிக்குத் தடவினேன். பிறகு ஒரு கரண்டி எண்ணெயைத் தொட்டிக்குள்ளும் ஊற்றி, உள்ளே நாலு பக்கமும் படும்படி வண்டியோடு சேர்த்துக் குலுக்கி மூடினேன். அடியில் கொஞ்சம் பழைய பெட்ரோல் கிடந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். ராஜம்மாள் கொல்லைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைக்கு வைக்க இல்லாத எண்ணெயை மிஷினுக்கு ஊத்தறீங்களே."

"உன் பையன் சோறு இதுலதான் கீது."

"அப்ப இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். தொட்டிக்கு நேர் மேலே கூரை ஓலையில் ஒரு பொத்தல் இருந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

4

ரத்தினம் திரும்பி வந்தபோது மைதானத்தில் புல் முழங்கால் உயரம். விழாவுக்கு ஒன்பது நாள். வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தான். ஏழாவது இழுப்பில் அது கிளம்பி, கனமான வெள்ளைப் புகையைக் கக்கியது. தெரு முழுக்க மணம்.

"அம்மா, வடை சுடறியா?"

"நான் இங்கதான்டா நிக்கறேன். உன் மிஷினுதான் சுடுது."

இரண்டு இருமல் இருமி அது நின்றுவிட்டது. ரத்தினம் தொட்டியின் மூடியைத் திறந்து விரலை விட்டு மோந்து பார்த்தான்.

"இதுல எண்ணெய் ஊத்துனது யாரு?"

"நான்தான். துரு ஏறக் கூடாதுன்னு."

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய். செக்குல ஆட்டுனது."

"மிஷினுக்குத் தீவாளியா நைனா?"

அப்போது சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எல்லாவற்றையும் வடித்துக் கொட்டி, மறுபடி பெட்ரோல் ஊற்றினான். ஒரு நிமிஷம் ஓடி நின்றது. குழாயைக் கழற்றி ஊதி மாட்டினான். மறுபடி ஒரு நிமிஷம்தான். ஆறுமுறை இப்படி. ஆறாவது முறை தொட்டியையே கழற்றி ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்தான். பெட்ரோலோடு மிளகாய்த்தூள் மாதிரி சிவப்பாக வந்து விழுந்தது. தட்டினால் செதில் செதிலாக இன்னும் விழுந்தது.

"கூரை ஒழுகி, மூடியில இருக்கிற காத்து ஓட்டை வழியா தண்ணி உள்ள போயிருக்குது. எண்ணெய்க்கு அடியில தண்ணி நின்னு தின்னுடுச்சு. இந்தத் துருதான் பெட்ரோல் போற வழிய அடைக்குது. எத்தனை தடவ ஊதினாலும் மறுபடி வந்து அடைக்கும். புதுத் தொட்டி சீமைலேர்ந்து வரணும். மூணு மாசம்."

"விழா?"

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"இன்னா நைனா, வேணும்னுதான ஊத்துனே?"

"இன்னாடா பேசற?"

"கான்ட்ராக்டு போனா ஊருக்கு வர்றேன்னு சொன்னேன்ல. அத மனசுல வச்சிகினுதான ஊத்துனே? கப்பலாபீஸுக்குப் போனது எனக்குத் தெரியாதா? உன் குடைய அந்தக் குமாஸ்தா என்கிட்டதான குடுத்தான்!"

அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பழகிய தமிழ் பேசுகிறவன். என்ன என்றுதான் சொல்வான், என்னை நீங்கள் என்றுதான் கூப்பிடுவான். கோபம் முற்றினால் மட்டும் அவன் வாயில் எங்கள் ஊர் வந்துவிடுகிறது. நான் ஆசைப்பட்ட ஊர் அன்று அவன் வாயிலிருந்து அப்படி வந்தது.

"சரி, பெட்டியக் கட்டு. ஜெயிச்சிட்டே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

ராஜம்மாள் தட்டை எடுத்துக் கழுவப் போகாமல் என் முன்னால் உட்கார்ந்தாள். "வேணும்னு பண்ணீங்களா?"

"நீயுமா?"

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

"இல்ல."

அவள் குடியாத்தத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். தண்ணீரில் போட்டால் சாயம் போகுமா என்று புதுத்துணியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். அது எந்தச் சரி என்று எனக்கு விளங்கவில்லை.

நான் இல்லை என்றது சத்தியம். ஆனால் அவன் "பெட்டியக் கட்டு" என்றபோது என் வயிற்றுக்குள் ஒரு ரயில் கிளம்பியதும் உண்மை. காட்பாடியைத் தாண்டி, லத்தேரியைத் தாண்டி ஓடிக்கொண்டே போனது. போகப்போக எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆம்பூர் ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேரும் இறங்குகிறோம், என் மகன் தோற்றுப்போன முகத்தோடு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வருகிறான். அந்த முகத்தைக் காட்டியா என் தெருவில் எல்லோருக்கும் இவன்தான் என் பிள்ளை என்று சொல்வேன்?

5

தோல் ஷாப்புக்குள் இரும்புக்கு இடமில்லை. ஆம்பூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் மற்றவர்களும் படிப்பார்கள். அரைஞாணில் இரும்புச் சாவி தொங்கினால்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வாளி பித்தளை, முளை மரம். ஈரத்தோலில் துருப்பட்டால் அந்த இடம் மையாகக் கறுத்துவிடும், பிறகு எத்தனை கழுவினாலும் போகாது. சென்னைத் தரகர் அந்தத் தோலை விரல் நுனியால் தள்ளிவிடுவார். பட்டைத் தண்ணீருக்கும் கடுக்காய்த் தண்ணீருக்கும் இரும்பு சத்துரு. இதை எத்தனையோ முறை கேட்டு வளர்ந்தேன்.

ஒருமுறை கடுக்காய்த் தொட்டிக்குள் ஒரு ஆணி விழுந்துவிட்டது. தகப்பனார் யாரையோ வைது தீர்த்துவிட்டு, அதை எடுத்து வந்து எங்கள் வீட்டுச் சுவரில் அடித்தார். துருப்பிடித்த பழைய ஆணி, ஆனால் தொட்டியில் கிடந்து கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது. என் பள்ளிக்கூடச் சட்டையை நனைந்தது நனையாதது என்று பார்க்காமல் அதில்தான் மாட்டுவேன். மற்ற ஆணிகளெல்லாம் சட்டையில் பழுப்புக் கறை வைக்கும். அந்தக் கறுப்பு ஆணி மட்டும் நான் ஊரை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் வைக்கவில்லை.

இந்த ஆணி மறுநாள் காலை பல் தேய்க்கும்போது ஞாபகத்துக்கு வந்தது. கடுக்காய்க்கு இரும்பு சத்துரு என்றால் துருவுக்குக் கடுக்காயும் சத்துருதானே? தோலைக் கெடுக்கிற அந்தக் கறுப்பு, தொட்டியைக் காப்பாற்றாதா? எண்ணெய், பிறகு கடுக்காய் என்பது தோலுக்கு உண்டான வரிசை. இரும்புக்கு எண்ணெயை விட்டுவிட்டு நேராகக் கடுக்காய்க்குப் போயிருக்கவேண்டும்.

சீனர் ஒருவரின் மருந்துக்கடையில் கடுக்காய் விற்கிறது. இங்கே எல்லா சாதியாருக்கும் மலச்சிக்கல் உண்டு. நான் மூன்று கட்டி எடை கேட்டேன், அதாவது நம் கணக்கில் நாலு ராத்தல். கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"உங்களுக்கா?" என்று மலாயில் கேட்டார்.

"மெஷினுக்கு" என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். வீட்டில் யாருக்கோ நிலைமை மோசம், வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்திருப்பார். ஒரு கைப்பிடி அதிகமாகவே போட்டுக் கொடுத்தார்.

இடித்து, பெரிய மண்பானையில் போட்டுக் கொல்லையில் கொதிக்க வைத்தேன். ரத்தினம் வந்து பார்த்தான்.

"எண்ணெய்க் குளியல் ஆச்சு. இப்ப லேகியமா?"

"உன் தொட்டி எப்படியும் போச்சுன்னு சொன்ன இல்ல? போனதை என்கிட்ட குடு."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கொடுத்தான். நான் முதலில் சலவைச் சோடா போட்ட வெந்நீரால் எண்ணெயைக் கழுவினேன். பொடிக்கல் இரண்டு கைப்பிடி உள்ளே போட்டுக் குலுக்கினேன். கை ஓய்ந்தபோது ராஜம்மாள் வாங்கிக் குலுக்கினாள். அவளுக்கும் கை ஓய்ந்தபோது, ரத்தினம் வாங்கிக் குலுக்கினான். உதிர்கிறதெல்லாம் உதிர்ந்த பிறகு கடுக்காய்த் தண்ணீரை வாய்வரை ஊற்றி மறுநாள் வரை விட்டோம்.

பானை கொதித்த அன்றைய மணத்தை நான் எப்படி எழுதுவது? மணம் என்று எழுதுகிறேன், உங்களுக்கு அது நாற்றம். ஆம்பூரில் இருக்கிறவர்கள் அதை மூக்கில் வைத்துக்கொண்டே பிறந்து மூக்கில் வைத்துக்கொண்டே போய்விடுகிறீர்கள். சுண்ணாம்பும் ஈரத்தோலும் ஆவாரம்பட்டையும் இல்லை, அதில் கால்பங்குதான் இது. ஆனால் அந்தக் கால்பங்கு போதுமாக இருந்தது.

கல்யாணமாகி ராஜம்மாளைக் குடியாத்தத்திலிருந்து ரயிலில் கூட்டி வந்தேன். இடையில் வளத்தூர், மேல்பட்டி, பச்சக்குப்பம் என்று மூன்று ஸ்டேஷன், அடுத்தது ஆம்பூர். ஏறினதும் அவள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும்போது முந்தானைக்குள்ளிருந்தே, "ஆம்பூர் வந்துடுச்சா?" என்பாள். "நீ கண்ணைத் திறக்கவே வேணாம், வந்தா உன் மூக்கே சொல்லும்" என்றேன். பச்சக்குப்பம் தாண்டியதும் சொல்லிவிட்டது. சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "இந்த ஊர்லயா குடும்பம் நடத்தணும்?" என்று அழுதாள். ஊர் வந்ததா என்பதைத் தவிர, அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

ரத்தினம் பானைக்கு மேல் குனிந்து மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இதுதான் உங்க ஊரா?"

"இன்னா மோசமாவா கீது?" என்று நான் கேட்பதற்குள் ராஜம்மாள் முந்திக்கொண்டாள்.

"இதுக்கே மூக்கப் பொத்திக்கிற. சித்திரை வெயில்ல வந்து பாரு."

அவள் ஆம்பூருக்குப் பரிந்து பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

6

தொட்டியைக் கவிழ்த்தபோது வந்த தண்ணீர் மை. வெயிலில் காய வைத்து உள்ளே பார்த்தால் சிலேட்டுப் பலகை மாதிரி கறுப்பு. ரத்தினம் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்துப் பார்த்தான். சிவப்பு ஒட்டவில்லை. பீங்கான் தட்டில் தட்டினான். ஒரு தூள் விழவில்லை.

"பரவால்லியே நைனா" என்றான். நான்கு நாளில் அவன் என்னிடம் கேலியில்லாமல் பேசிய முதல் பேச்சு. என் கை இரண்டும் மணிக்கட்டு வரை கறுத்திருந்தன.

பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தான். கிளம்பவே இல்லை. முன்பு ஒரு நிமிஷமாவது ஓடியது, இப்போது அதுவும் போச்சு. நான் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டேன். விழாவுக்கு ஐந்து நாள்.

ரத்தினம் எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த ஒரு சிறு பித்தளைக் கிண்ணத்தைக் கழற்றினான். பெட்ரோல் அதில் வந்து நின்று, ஒரு மிதவையும் ஊசியும் அளந்துவிட, மயிரிழைத் துளை வழியாக எஞ்சினுக்குள் போகுமாம். கிண்ணத்தில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஏதோ படிந்து, ஊசி அதில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. முன்பு அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்தது, நான்கு நாள் வெயிலில் உலர்ந்து நன்றாகவே பிடித்துக்கொண்டது. அவன் நகத்தால் சுரண்டினான். பெட்ரோலில் கழுவினான். அது போகவில்லை.

"இது என்னது, வார்னிஷா?"

ராஜம்மாள் எட்டிப் பார்த்தாள். "வார்னிஷும் இல்ல, ஒண்ணும் இல்ல. விளக்குப் பிசுக்கு. வெளியூர் போய்ட்டு வந்தா சாமி விளக்குல இப்படித்தான் உறைஞ்சி கிடக்கும். உங்க நைனா ஊத்தின ரெண்டு கரண்டிதான்."

"ஒரு கரண்டிதான் நான் ஊத்தினேன். இன்னொண்ணு நீ சொன்னது" என்றேன்.

"சரி, நம்ம ரெண்டு பேரு பிசுக்கு" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய், விளக்குத் தேய்க்கிற சாம்பலையும் சோடாவையும் போட்டு வேகவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பித்தளை மஞ்சளாகப் பல்லைக் காட்டியது. துளைக்குள் கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும் என்று ரத்தினம் என் பல் தேய்க்கும் பிரஷிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கிக் குத்தினான். எதிர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தெரியுது" என்றான்.

கயிறு சுற்றினான். இழுப்பதற்கு முன் என்னைப் பார்த்தான். ஓடட்டும் என்று நான் நினைக்கிறேனா, ஓடக்கூடாது என்று நினைக்கிறேனா என்று பார்த்தான் போலிருக்கிறது. எனக்கே அது தெரியவில்லை. "இழுடா" என்றேன்.

மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. ஒரு நிமிஷம் ஓடியது. என் வழக்கப்படி எண்ணிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது நிமிஷமும் ஓடியது. மூன்றாவதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

7

விளையாட்டு விழா நன்றாக நடந்தது. மைதானம் பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி இருந்ததாகப் பள்ளித் தலைவர் சொன்னார். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தாயிற்று. ஆஸ்பத்திரி வளாகத்தையும் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு புல்வெட்டி வாங்கவேண்டும் என்கிறான் ரத்தினம். மூன்று வருஷத்துக்குப் பிறகு எனக்கு எழுபது முடிந்திருக்கும்.

விழா முடிந்த அன்று அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நைனா, அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசினது நல்லா இருந்துது. அதே மாதிரி பேசு."

"எப்படி?"

"இன்னா நைனா, அப்படின்னியே."

அவன் வெட்கப்பட்டுக்கொண்டு என் கையைப் பார்த்தான். எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. என் தகப்பனார் தம் கையில் ஏறிய தோல் ஷாப் கறை என் கைக்கு வரக் கூடாது என்றுதான் என்னைப் படிக்கவைத்தார். நானும் கப்பலேறி வந்தேன். இத்தனை வருஷம் கழித்து அது இங்கே வந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டது. ரத்தினம் பார்த்த ஆம்பூர் இப்போதைக்கு என் பத்து விரல்தான்.

"அடுத்த வருஷம் ஒரு தடவ போய்ட்டு வரலாம் நைனா" என்றான். போய்விட்டு வரலாம் என்கிறான். கப்பலாபீஸ் குமாஸ்தாவுக்குச் சொல்லவேண்டிய பதிலை என் மகன் எனக்குப் பதிலாகச் சொல்லிவிட்டான். நான் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

8

மிச்சமான கடுக்காய்த் தண்ணீர் அரைப்பானை இருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை, களைப் புல்லில் கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்று முதல் நாள் ராஜம்மாள் சொன்னாள். கொட்டுகிறேன் என்று நானும் சொன்னேன். மறுநாள் பார்த்தால் பானை கொல்லையிலிருந்து முன் வராந்தாவின் மூலைக்கு வந்திருந்தது, வாய் மூடாமல். நான் நகர்த்தவில்லை. பகலில் வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதனால் யார் நகர்த்தினார்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

நேற்று மத்தியானம் மழை இல்லை. ரத்தினம் பள்ளிக்கூட மைதானத்தில் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் எஞ்சின் சத்தம் நான்கு தெரு தாண்டி, ஏற்றமும் இறக்கமுமாக ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான் இந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்திருந்தேன். ராஜம்மாள் சாய்வு நாற்காலியில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறஏறப் பானையிலிருந்து மணம் எழுந்து வராந்தா முழுவதும் நின்றது.

முந்தானைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"ஆம்பூர் வந்துடுச்சா?"

நான் பேனாவை வைத்தேன். அவள் விழிக்கவில்லை.

"பச்சக்குப்பம் இன்னும் தாண்டல" என்றேன். "தூங்கு. வண்டி நின்னா எழுப்பறேன்."

தூரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது நிற்கவில்லை.